கிணற்றடியிலிருந்து ஒரு பதிவு

கிண்ணியாவில் றுவைஸுக்கு இரண்டு வேலை. பகலில் நிலாவெளி ஹோட்டல்களில் ஏசி திருத்துவான். பின்னேரங்களில் மடிக்கணினியையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு பாட்டுப் பதியப் போவான். ஆண்கள் பாடினால் சிக்கலில்லை. கலியாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடும்போதுதான் பெரும்பாடு. அந்த அறைக்குள் ஆம்பிளை நிற்க முடியாது. பதிவை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்தால் பாட்டோடு ஊர்க்கதையும் ஏறிவிடும். ஒருமுறை மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றிய பகிடி அப்படியே பதிந்து, மாப்பிள்ளையின் காதுக்கே போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு பெண்கள் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

மைத்துனி பஸ்மியாவின் கலியாணம் வந்தது. தங்கைகள் ராத்தா என்று கூப்பிடும் மூத்தவள் பஹ்மியாவுக்கு தோஹாவிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. பாட்டையாவது அனுப்புவோம் என்று வீட்டில் பேச்சு. றுவைஸின் மனைவி ரிஸ்லா நடுவிலவள். அவள்தான் தாயிடம் புருசனுக்காகப் பொறுப்பு நின்றாள்.

"இப்ப அவர் கைபேசியால வெளியில இருந்தே நிப்பாட்டுவார் உம்மா. கதை ஒண்டும் ஏறாது."

மாமி பரீதா மருமகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "மகன், கூடிப் பாடுறத மட்டும் எடுங்க. தனிக் குரல், சிரிப்பு ஒண்டும் வேணாம். இந்த முறையும் மூக்குக் கதை வெளிய போச்சுதெண்டா அடுத்த மூக்கு உங்கடதான்."

கலியாணத்தன்று கணினி பெண்கள் கூடிய அறைக்குள் இருந்தது. றுவைஸ் கிணற்றடியில் கதிரை போட்டான். வைஃபை அவ்வளவு தூரந்தான் எட்டும். கைபேசியில் சிவப்பு வட்டத்தைத் தொட்டால் உள்ளே பதிவு தொடங்கும், பக்கத்துச் சதுரத்தைத் தொட்டால் நிற்கும். சத்தம் மட்டும் கைபேசிக்கு வராது. குரல் ஏறி இறங்குவதைக் காட்ட ஒரு பச்சைக் கோடு வரும், அவ்வளவுதான்.

பாட்டு தொடங்கியது. சுவர் தாண்டி வந்த கூட்டுக்குரலுக்குக் கோடு ஒழுங்காகத் துள்ளியது. நாக்கைச் சுழற்றிப் போடும் குரவை எழுந்ததும் உச்சிக்குப் போய்ச் சிவந்தது. பிறகு வீடு அமைதியானது. அவன் விரல் சதுரத்துக்குப் போனபோது கோடு மறுபடி அசைந்தது.

காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. ஆனால் அது கதையல்ல. கதையென்றால் கோடு வெட்டி வெட்டி விழும். இதுவோ தூங்குகிறவரின் நெஞ்சு போல மெல்ல ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. யாரோ ஒருத்தி தனியே பாடுகிறாள். எவ்வளவு அழகான கோடு என்று நினைத்தான். விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பொறுப்பு நின்றவள் ரிஸ்லா. நிறுத்தினான்.

கொஞ்ச நேரத்தில் ரிஸ்லா முக்காட்டை இழுத்து விட்டபடி விறுவிறென்று வந்தாள்.

"ஏன் நிப்பாட்டினீங்க?"

"தனிக் குரல் வேணாமெண்டு மாமி சொன்னாதானே."

"அது நான். ராத்தாக்கு நான் தனியப் பாடி அனுப்பப் போறன் எண்டு உம்மாட்டக் கேட்டுட்டுத்தான் பாடினனான். பாதியில பாத்தா கணினியில அந்தச் சிவப்பு அணைஞ்சு கிடக்குது."

கலியாணம் முடித்து நாலு வருசம். அவள் பாடுவாள் என்று அவனுக்குத் தெரியாது.

"சரி, இன்னொருக்காப் பாடன். நிப்பாட்ட மாட்டன்."

"நீங்க இஞ்ச இருந்து கோட்டப் பாக்கிறீங்க எண்டு நினைச்சா எனக்கு ஏலாது. தாங்க அத."

கைபேசியை வாங்கினாள். எதைத் தொட்டால் தொடங்கும், எதைத் தொட்டால் நிற்கும் என்று கேட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். றுவைஸ் வெறுங்கையோடு இருந்தான். உள்ளே தொடங்கியதா, முடிந்ததா, ஒன்றும் தெரியவில்லை. கடற்காற்று பந்தல் துணியை அடித்துக்கொண்டிருந்தது.

நெடுநேரம் கழித்து வந்து கைபேசியை நீட்டினாள்.

"ரெண்டு தரம் பதிஞ்சிருக்கிறன். முதலாவத ராத்தாக்கு அனுப்புங்க."

"மற்றது?"

"நான் பக்கத்தில இல்லாத நேரமாப் பாத்துக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு அவன் முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள்.