பால் பாட்டிலில் அளந்த எஞ்சின்

தாய்மாமா கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய காரை வாங்கி, கோவளத்தில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது எனக்குப் பத்து வயது. கணக்கு நன்றாக வரும் என்பதால் கொஞ்சம் திமிரும் உண்டு. "எண்ணூறு சிசி வண்டி" என்று மாமா பெருமையடித்ததும், அப்படியென்றால் என்ன என்று பிடித்துக்கொண்டேன்.

"எஞ்சின்ல மூணு குழா கீது. ஒவ்வொன்னுலயும் பிஸ்டன் மேலேர்ந்து அடிவரைக்கும் எறங்குற எடம் இருக்குல்ல, மூணையும் சேத்தா எண்ணூறு மில்லி. அவ்ளோதான்."

எட்டுப் பேரை அடைத்துக்கொண்டு வந்த வண்டி ஒரு தண்ணீர் பாட்டிலைவிடச் சின்னதா? எனக்கு நம்பிக்கை வரவில்லை.

வந்த வாரமே எஞ்சினின் மேல்மூடி பழுதாகி, செங்கல்பட்டு லேத் பட்டறைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை படாளத்துக்கு ஒரு கல்யாண சவாரி. மாமாவுக்குக் கிடைத்த முதல் சவாரி அது. சனிக்கிழமை மூடி வந்துவிடும், மாட்டினால் வண்டி தயார் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

வாசலில் மூன்று குழாய்களும் வாயைத் திறந்துகொண்டிருந்தன. விடுவேனா? சனிக்கிழமை மத்தியானம் மாமா கண்ணயர்ந்ததும் தம்பியின் பால் பாட்டிலை எடுத்தேன். வீட்டில் அதில்தான் மில்லிக்கோடு இருந்தது. தண்ணீர் பிடித்து விளிம்புவரை ஊற்றினேன். ஒரு குழாய் இருநூற்று அறுபத்தைந்து குடித்தது. மற்ற இரண்டும் எண்பது எண்பதிலேயே நிரம்பி வழிந்தன.

ஓடிப்போய் எழுப்பினேன். "உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்க மாமா. நானூத்தி இருபத்தஞ்சுதான் கீது."

மாமா வந்து பார்த்தார். ஒரு குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார்.

"தண்ணியா ஊத்துன?"

"ஆமா."

"கூட்டலெல்லாம் கரெக்டுதான். போய் சாப்புடு."

பாட்டிலில் ஆயில் நாற்றம் என்று அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். எஞ்சினைப் பற்றி மாமா அவளிடம் மூச்சுவிடவில்லை. கல்யாண சவாரி திருப்போரூர்க்காரர் ஒருவரின் வண்டிக்குப் போய்விட்டது. மூடி இன்னும் வரலை என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் மாமா சொன்னார். அப்புறம் ஒரு வாரம் காருக்கடியிலேயே கிடந்தார்.

இன்று எஞ்சின் பிரித்துச் சேர்ப்பதுதான் என் பிழைப்பு. ஒரு பிஸ்டன் அடியில் நிற்கும்போது மற்ற இரண்டும் மேலே ஏறியிருக்கும். ஒவ்வொன்றையும் அடிக்கு இறக்கி அளந்திருந்தால் மாமா சொன்ன எண்ணூறு அப்படியே வந்திருக்கும். எங்கள் ஊர் உப்புக்காற்றில், தண்ணீர் பட்ட சிலிண்டர் ஒரே நாளில் துருவேறிவிடும் என்பதும் இப்போது தெரியும். அன்று அவர் ஒரு வார்த்தை கடிந்திருந்தால் நான் எஞ்சின் பக்கமே திரும்பியிருக்க மாட்டேன். இந்தக் கையும் இந்த வேலையும் அவர் போட்ட பிச்சை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம், மாமாவின் கட்டிலுக்கடியில் சாக்கில் சுற்றிவைத்திருந்த எதிலோ காலை இடித்துக்கொண்டேன். "பழைய இரும்பு, தொடாத" என்றார். வலித்த விரலைத் தேய்த்துக்கொண்டே, இன்னும் மூடியை அனுப்பாத லேத்துக்காரரை அவரோடு சேர்ந்து நானும் திட்டினேன்.