பள்ளக்காட்டு மூட்டைகள்

கோணி ஊசி சாக்கின் வாயில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை மடிப்பைப் பிடிக்க, வலது கை சணலை இழுத்து முடிச்சிட்டது. பதினேழு மூட்டை தைத்தாயிற்று, இன்னும் மூன்று. லாரி வந்து வாசலில் நின்றுவிட்டது.

மூட்டைகளில் இருந்த மக்காச்சோளம் அவர் நிலத்தில் விளைந்தது, ஆனால் அவருடையதல்ல. நகரத்துத் திருச்சபை விதையும் உரமும் தரும், கிராமத்துச் சபையார் நிலமும் உழைப்பும் தருவார்கள், விளைச்சல் பசித்தவர்களுக்குப் போகும் என்று இரு போதகர்களும் கூடிப் பேசினார்கள். அவர் முந்திக்கொண்டு பள்ளக்காட்டைக் கொடுத்தார். தண்ணீர் தேங்கி வேர் அழுகும் காடு அது. ஐந்து வருஷமாகப் போட்ட விதைகூடத் திரும்பியதில்லை. கொடுத்த பேரும் ஆச்சு, தலைவலியும் தொலைந்தது என்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சிரித்தார்.

அந்த வருஷம் பார்த்து மழை கைவிரித்தது. அவர் தனக்கென்று வைத்துக்கொண்ட மேட்டுக்காடு முழங்கால் உயரத்திலேயே கருகியது. ஈரம் காத்த பள்ளக்காடு மட்டும் ஆளுயரம் நின்றது. உதவுகிறோம் என்று களையெடுக்க வந்த நகரத்துச் சபைக்காரர்கள் களையோடு கால்வாசிப் பயிரையும் பிடுங்கிப் போட்டார்கள். அதற்கும் அது அசரவில்லை. இருப்பதிலேயே நல்ல நிலத்தைக் கொடுத்தார் என்று கிராமத்துப் போதகர் பிரசங்கத்திலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஊரில் அவர் பெயர் ‘பெரிய மனசு’. கழித்துக்கட்டியதைத்தான் கொடுத்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

வீட்டில் இருந்த தானியம் ஒரு மாதத்துக்குக் காணாது. அடுத்த விதைப்புக்கு ஒரு பிடி விதை இல்லை.

மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள்.

“ரெண்டு மூட்டைய விட்டுடுங்க.”

“இருபதுன்னு எல்லாருக்கும் தெரியும். சாக்குல அள்ளிக் கொட்டினதே டவுன் சபைக்காரங்கதான்.”

“அப்ப கேட்டு வாங்குங்க. பசிச்சவங்களுக்குத்தானே? நாமளும் பசிக்கப்போறவங்கதான்.”

“பெரிய மனசு போய்க் கையேந்துனா ஊரே சிரிக்கும்.”

“அந்தப் பெரிய மனச உலையில போட்டா வேகுமா?”

அவர் ஊசியில் சணல் கோத்தார்.

கடைசி மூட்டையைத் தைத்து முடிக்கும்போது நகரத்துப் போதகர் உள்ளே வந்தார். பின்னால் சபையார் நாலைந்து பேர், முகமெல்லாம் மலர்ச்சி. போதகர் குனிந்து அவர் தோளில் கை வைத்தார்.

“மழையில்லாத வருஷம். உங்க வீட்டுக்கு ஒண்ணு ரெண்டு வச்சுக்கலாமே பிரதர்?”

மனைவி எழுந்து கதவருகே போய் நின்றாள். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“ஆண்டவர் கிருபையில எங்களுக்குக் குறைவில்லைங்க ஐயா,” என்று அவர் வாய் சொன்னது.

பிறகு மூட்டையைத் தூக்கித் தோளில் ஏற்றி வாசலுக்கு நடந்தார். மனைவியின் பக்கம் திரும்பவில்லை. லாரி மேலிருந்து டிரைவர் குனிந்து இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான்.

“நல்ல கனம்ணே,” என்றான்.