ஆயிரம் மணி நேரம் ஓடிய மோட்டார்

ஜமுனாமரத்தூர் ஏரியில் எங்கள் மகளிர் குழு படகு விடுகிறது. நான்கு பெடல் படகுகள், ஒரு மோட்டார் படகு. மோட்டார் படகை ஓட்டுவது நான். இதற்கு முந்தைய மோட்டாரை வாங்கியவளும் நான்தான். "அதிகமா ஓடாத மோட்டாருங்க, புதுசு மாதிரி" என்று புரோக்கர் போனில் சொன்னதை அப்படியே நம்பினேன். லாரியில் வந்து இறங்கியபோது பெயின்ட் பளபளப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வாணியம்பாடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போனேன். திடீரென்று ஒரு கடகட சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. காற்று படகைக் கோரைப்புல் பக்கம் தள்ளிக்கொண்டு போனது. கைக்குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மா என்னையே பார்த்தார். குழுப் பெண்கள் இரண்டு பெடல் படகில் வந்து கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போளூர் மெக்கானிக் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தார். "உப்புத் தண்ணியில வருஷக்கணக்கா ஓடுனதும்மா. மேல பெயின்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்க. இதுல இனிமே ஒண்ணும் இல்ல" என்றார்.

குழுவில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. புது மோட்டார் எங்கள் சக்திக்கு மீறியது. மறுபடியும் பழசுதான். "நீயே போய்ப் பாரு" என்றார்கள்.

நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனார் நெல்லிவாசல் பாதையில் ஷேர் ஜீப் ஓட்டுபவர். மூன்று பழைய ஜீப் வாங்கி ஓட்டி அனுபவப்பட்டவர். "நான் வர்றேன் உன்கூட" என்றார்.

"அண்ணி, சின்ன படகு மோட்டாருல ஓடுன நேரம் காட்ற மீட்டரே கெடையாதாம். எப்டி கண்டுபுடிக்கிறது?"

"மீட்டர் இருந்தா மட்டும் இன்னா? மீட்டரைத் திருப்பி வெப்பானுங்க. தேய்மானத்தைத் திருப்ப முடியுமா? வா, பாத்துக்கலாம்."

போளூர் மெக்கானிக் சிலிண்டரின் அழுத்தம் பார்க்கிற கேஜ் ஒன்றைக் கொடுத்து, எப்படிப் பொருத்துவது என்று சொல்லிக் கொடுத்தார். விடியற்காலைப் பஸ்ஸில் மலையிறங்கினோம்.

முதலில் போனது சென்னைக்கு வெளியே ஒரு பழைய மோட்டார் கடை. நீல நிற மோட்டார் ஒன்று கண்ணாடி மாதிரி மின்னியது. "நூறு மணி நேரம்கூட ஓடலைங்க" என்றார் கடைக்காரர். அண்ணி பெயின்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கைப்பிடியைத் தடவினார். ரப்பரில் இருக்க வேண்டிய வரிகள் எல்லாம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. "நூறு மணி நேரத்துல ஒரு கை இவ்ளோ தேய்க்குமா?" என்று என் காதில் சொன்னார். நான் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்தேன். விசிறிக்குக் கீழே நீட்டியிருக்கும் தகடு மணலில் உரசி உரசிக் குட்டையாகியிருந்தது. ஸ்குரூத் தலைகள் மேலேயும் பெயின்ட் படிந்திருந்தது, பழசை மறைக்க மறுபடி அடித்தது. கியர் ஆயிலைத் திறந்து காட்டச் சொன்னேன். பால் காபி நிறத்தில் வழிந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

"ஆயிலை மாத்திட்டா சரியாப்பூடும்" என்றார் அவர்.

"போய்ட்டு வர்றோங்க" என்று சொல்லி வெளியே வந்தோம். போன வருஷம் இதே மாதிரி ஒன்றைத்தான் பார்க்காமலே வாங்கினோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

அடுத்தது பழவேற்காடு. அங்கே உப்புத் தண்ணீர் ஏரியில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் ஒருவர், பெரிய மோட்டார் வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தோம். பார்த்ததும் எனக்குச் சப்பென்றாகிவிட்டது. மூடி விரிசல் விட்டிருந்தது. நிறம் வெளுத்துப் போயிருந்தது.

எத்தனை மணி நேரம் ஓடியது என்று நான் கேட்கவில்லை. "தெனம் எங்கெங்க போவீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"காலையில டீச்சருங்களை வுடணும், மத்தியானம் ஒரு நடை, சாயங்காலம் கூட்டியாரணும். ரெண்டு வருஷமா இதே வேலைதான்."

ஒரு நடைக்கு அரை மணி, ஞாயிறு லீவு. மூவரும் சேர்ந்து விரல் விட்டுக் கணக்குப் போட்டோம். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வந்தது.

"ரொம்ப ஓடிக் கீது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதை ஒரு நாளும் உப்போட தூங்க வுட்டதில்ல" என்று அவர் ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் காட்டினார். தினமும் வேலை முடிந்ததும் அதில் நல்ல தண்ணீர் நிரப்பி மோட்டாரை ஓடவிடுவாராம்.

நான் முதலில் மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. முன்கூட்டியே சூடாக்கி வைத்து ஏமாற்றவில்லை. அந்த டிரம்மிலேயே வைத்துக் கயிற்றை இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. பின்பக்கத்துச் சின்ன ஓட்டையிலிருந்து, மோட்டாரைக் குளிர்விக்க உள்ளே சுற்றிவந்த தண்ணீர் விடாமல் பீய்ச்சியடித்தது. கையை நீட்டினேன், வெதுவெதுப்புதான். கேஜில் இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்டின. கியர் ஆயில் சுத்தமாக இருந்தது.

எல்லாம் சரி. ஆனாலும் ஆயிரம் என்ற அந்த எண் உறுத்தியது. அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இன்னா யோசனை? ஓடுனதை மறைக்காம சொல்றாரு, பாத்த எடமெல்லாம் சரியா கீது. நம்ம ஏரியில சனி, ஞாயிறு ஓடும், லீவு நாள்ல ஓடும். ஒரு ரவுண்டு பத்து நிமிஷம். அவர் ரெண்டு வருஷத்துல ஓட்டுனதை நீ ஓட்டி முடிக்க எத்தினி வருஷம் ஆவும்?"

வாங்கினோம்.

மோட்டாரை மாட்டும் படகின் பின்பலகையைப் பழுது பார்க்க இரண்டு வாரம் ஆனது. அதுவரை மோட்டார் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கிடந்தது. பிறகு ஒரு காலையில் குழு முழுக்கக் கரையில் நிற்க, படகில் பொருத்திக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே கிளம்பியது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் வரவில்லை. ஒரு சொட்டுகூட வரவில்லை.

உடனே அணைத்தேன். இரண்டாவது தடவையும் நானா? பழவேற்காட்டுக்காரருக்குப் போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் சிரித்துவிட்டார்.

"எங்கம்மா வெச்சிருந்தீங்க, தாழ்வாரத்துலயா? அந்த ஓட்டைக்குள்ள குளவி கூடு கட்டியிருக்கும். ஒரு மெல்லிசுக் கம்பியை வுட்டுப் பாருங்க."

வேலியிலிருந்து ஒரு கம்பித் துண்டைக் கொண்டுவந்து அண்ணி குத்தினார். காய்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மறுபடி கயிற்றை இழுத்தேன். மிச்ச மண்ணைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சி என் புடவையெல்லாம் நனைத்தது. நான் படகிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எழுந்திருடி, சனம் பாக்குது" என்றார் அண்ணி. அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

பல நாளாகச் சோறு சரியாக இறங்கவில்லை எனக்கு. அன்று மதியம் சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்ட இடத்திலேயே, டிக்கெட் கொடுக்கும் கொட்டகை நிழலில், கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டேன். படகுக்கு ஆள் வந்தும் என்னை யாரும் எழுப்பவில்லை. அண்ணி ஜீப் நடைக்குப் போகாமல், பெடல் படகுகளுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.