டுமாரோ என்று கேட்ட மனிதர்

ஜப்பானுக்கு இறால் போகத் தொடங்கிய பிறகுதான் எங்கள் குப்பத்துக் கூரைகளில் ஓடு ஏறியது. நானும் மரக்காணம் உப்பளத்தை விட்டுவிட்டு, கழிமுகத்தோரம் இருந்த ஷெட்டில் இறால் தலை கிள்ளும் வேலைக்குப் போனேன். உப்பு அரித்த பாதங்கள் ஆறின. அந்த வியாபாரத்தை நான் குறை சொல்லவே மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் ஒருநாள், இறால் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஷெட்டுக்கு வந்தார். என் கூடையிலிருந்து நகத்தளவு பொடி இறால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டி, என்னவோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே சொல்: டுமாரோ.

"நாளைக்கு இன்னும் நெறைய கொண்டாரச் சொல்றாரு," என்றார் அவருக்காக எங்களிடம் இறால் வாங்கும் ஏஜென்ட்.

ஆண்கள் கழிமுகத்தின் வாயில் கொசுவலை கட்டி, குஞ்சு குஞ்சாக வழித்து வந்தார்கள். மறுநாள் வெளிநாட்டுக்காரர் வந்து கூடைகளைப் பார்த்தார். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். ஏஜென்ட் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். கொசுவலையை அதன்பின் நாங்கள் அவிழ்க்கவே இல்லை.

இரண்டே வருஷம். வலையில் சேறுதான் வந்தது. லாரி ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது. நான் மறுபடி உப்புப் பாத்தியில் இறங்கினேன்.

அங்கே நிற்கும்போதுதான் அந்தக் குரல் திரும்பி வந்தது. டுமாரோவின் கடைசியில் அது மேலே ஏறி நின்றிருந்தது. அவர் ஆர்டர் கொடுக்கவில்லை, குஞ்சையும் பிடித்துவிட்டால் நாளைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். ஏஜென்ட்டை நாக்கு வலிக்கத் திட்டிவிட்டேன். ஆனால் அந்தக் குரல் என் காதிலும்தானே விழுந்தது?

கண்ணை மூடினால் அந்த உள்ளங்கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது, பதிலுக்காக.