வியன்னா பூங்காவில் வழி தவறினேன்

கோடையில் வியன்னாவிலுள்ள மகளிடம் போயிருந்தேன். டயாலிசிஸ் இருப்பதால் கணவர் பெங்களூரில், ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டிலேயே தங்கிவிட்டார். வியன்னாவைப் பார்க்க என்னைவிட அவருக்குத்தான் ஆசை.

ஒரு மதியம் பூங்காவில் இசைக் கச்சேரி. மகள் ஐஸ்கிரீம் வாங்கப் போனதும், வேடிக்கை பார்த்தபடி நடந்து வழி தவறிவிட்டேன். என் போன் அவள் பையில். அவள் நம்பரும் நினைவில்லை. கணவரின் நம்பர் மட்டுமே மனப்பாடம். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் போன் வாங்கி அவரை அழைத்தேன்.

"எங்க இருக்கே?"

"மேடைக்குப் பக்கத்துல."

"அங்கேயே உக்காரு, அவளுக்குச் சொல்றேன்." சற்றுத் தயங்கி, "வயலினா அது? ஒரு நிமிஷம் போனை அந்தப் பக்கம் காட்டேன்" என்றார்.

காட்டினேன். அழுகை வந்தது. பத்து நிமிடத்தில் மகள் வந்துவிட்டாள்.

இப்போது அவள் நம்பரும் மனப்பாடம். ஆனால், அவர் இல்லாமல் எந்த ஊரையும் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. முடிகிற நாட்களில் இருவருமாகக் கப்பன் பார்க் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறோம்.