பெடல் மேல் இருந்த கால்

ஓட்டலின் சலவைக்கூடத்தில் அவருக்குப் பெயர் பூட்டு. ஸ்டீம் பிரஸ்ஸில் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பவர். இங்கே வந்தபின் எந்தப் பேச்சும் அவர் வாய் வழியாக இன்னொரு காதுக்குப் போனதில்லை. முன்பு வேலை பார்த்த மில்லில், முதலாளி மகனைப் பற்றிக் காதில் விழுந்ததைக் கேன்டீனில் சொல்லிச் சிரித்தார். மறுநாள் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வெகுநாள் மனைவி தையல் மெஷினை மிதித்துத்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அதனால் இங்கே யாராவது வம்பு தொடங்கினால் பெடலை மிதிப்பார். புஸ்ஸென்று ஆவி சீறும். பேச்சு அதில் அமுங்கிவிடும்.

"பாருங்கடி, பூட்டு ஊதிடுச்சு," என்பாள் கறை எடுக்கும் பெண். "சாவி அண்ணி கையில இருக்கு போல. வீட்லயாவது தொறக்குமா?"

"அண்ணி பேச விட்டாத்தானே!" என்பாள் எதிர்மேசையில் துணி மடிப்பவள். கூடமே சிரிக்கும். பூட்டும் சிரிப்பார்.

பெரிய விரிப்பை ஒரு ஆளால் மடிக்க முடியாது. ஒரு முனை அவர் கையில் இருக்கும், மறுமுனை அந்தத் துணி மடிப்பவள் கையில். அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

ஒரு மதியம் தலையணை உறை எடுக்கத் துணி அறைக்குப் போனார். அலமாரிக்குப் பின்னால் சூப்பர்வைசர் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். "கைய விடுங்க சார்!" என்று உதறியவளின் பார்வை வாசலில் நின்ற பூட்டின் மேல் விழுந்தது. பூட்டு உறையை எடுக்காமலே திரும்பிவிட்டார்.

அவள் புகார் கொடுத்தாள். அதற்குள் சூப்பர்வைசர் கூடம் முழுக்கக் கதை கட்டிவிட்டான். வேலை நேரத்தில் துணி மூட்டை மேல் தூங்கினாளாம். அவன் கையும் களவுமாகப் பிடித்தானாம். அந்த ஆத்திரத்தில் பழி போடுகிறாளாம்.

மேனேஜர் பூட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சூப்பர்வைசரும் அவளும் அங்கே நின்றிருந்தார்கள்.

"நீங்க பாத்தீங்கன்னு இந்தம்மா சொல்றாங்க. என்ன நடந்துச்சு?"

பூட்டுக்கு மில் வாசல் ஞாபகம் வந்தது. "நான் எதையும் கவனிக்கல சார். நானுண்டு என் வேலையுண்டுன்னு இருக்கறவன்."

மேனேஜர் அவளைப் பார்த்தார். "கேட்டியாம்மா? எந்த வம்புக்கும் போகாத மனுஷன். நீ சொல்றது நெசம்னா இவரு மறைப்பாரா?"

எதிரில் இல்லாதவரைப் பற்றித் தெரியாததைப் பேசினால் அது வம்பு. இங்கே அவள் எதிரில் நின்றாள். நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தது. இந்த வித்தியாசம் புரியாத அளவுக்குப் பூட்டு முட்டாள் அல்ல. கையைப் பிடித்தவன் மேனேஜர் முன்னால் பொய் சொல்ல வாயைக்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை. வம்பு பேசாதவர் என்று பேரெடுத்த ஒருவர் அவனுக்காகச் சொல்லிவிட்டார். அத்தனை காலம் சேர்த்த நல்ல பேர் அதற்குத்தான் பயன்பட்டது.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் அவர் தோளைத் தட்டினான். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும்ணே." அவள் கூப்பிடும் அதே அண்ணே. அவன் தட்டிய தோளை அவர் சாயங்காலம் வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வேலைல ஏதாச்சும் பிரச்சினையா?" என்றாள் மனைவி.

"நமக்கென்ன பிரச்சினை."

"பின்ன ஏன் சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீங்க?"

மறுநாள் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டவள் நேராக அவர் மெஷினுக்கு வந்தாள்.

"அண்ணே, வேலை போனது போகட்டும். யார்கிட்டயும் போய்ச் சொல்ல வேணாம். என்கிட்ட மட்டும் சொல்லுங்க. நீங்க பாத்தீங்கல்ல?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் நின்றிருந்தான். பூட்டின் கால் அழுந்தியது. புஸ்ஸென்று எழுந்த ஆவி அவள் முகத்தை மறைத்தது.

கால் பழக்கத்தில் தானாக அழுந்திவிட்டது என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னார். முதல் முறை அப்படியே இருக்கட்டும். ஆனால் எதிரில் நின்றவள் நகரவில்லை. ஆவி கலையும்வரை காத்திருந்தாள். கலைந்து, அவள் கண்கள் தெரிந்த பிறகு அவர் மறுபடியும் மிதித்தார்.

இரண்டாவது ஆவி கலைந்தபோது அவள் இல்லை. தேய்த்த விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தபடி பூட்டு நின்றார். கறை எடுக்கும் பெண் அவரைப் பார்த்தாள். பிறகு தன் வாளிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுமுனையைப் பிடிக்க யாரும் வரவில்லை.