வலை நூலில் கோத்த செபமாலை

பலேர்மோ ஆஸ்பத்திரி ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு நடைகூடத்தில், தள்ளுகட்டிலில் கிடந்தபடி நான் ஒரு தாதியைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டிருந்தேன். இது எனக்கு நினைவில்லை. என் மகள் ரொசாலி சொன்னது. ஊசி ஏற்ற வந்த பெண்ணின் கையைத் தட்டிவிட்டு, எங்கள் ஊர் பேசாலைக் கடற்கரையில்கூட ஆண்கள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொல்லும் வார்த்தைகளை உரத்த குரலில் சொன்னேனாம். உன் அப்பா என்ன சொல்கிறார் என்று தாதி கேட்டிருக்கிறாள். பதினைந்து வயது ரொசாலி, அப்பா செபம் சொல்கிறார் என்று இத்தாலிய மொழியில் பதில் சொன்னாள்.

தாதி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஊசியைக் குத்தினாளாம்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஆனால் அந்த ஏச்சுத்தான் என் நோயின் முதல் அறிகுறி. அன்று எங்களுக்கு அது தெரியாது. தலையில் அடிபட்ட ஒருவரை வீட்டில் வைத்துப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறிந்த எலும்பைப் பற்றி ஊரே ஆலோசனை சொல்லும். கோபத்தைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

நான் பலேர்மோவின் கால்சாப் பகுதியில், சின்யோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். அவருடைய காலஞ்சென்ற கணவரின் பந்தயச் சைக்கிள் படிக்கட்டுக்குக் கீழே தூசி பிடித்துக் கிடந்தது. குப்பைக்குப் போகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார். எடுத்துக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் என்னைப் பிடித்த பேய் அது.

இந்தத் தீவில் சமதரை துறைமுகத்தோடு முடிந்துவிடும், மற்றதெல்லாம் மலை. விடுமுறை நாட்களில் மொந்தே பெல்லெக்ரினோவில் ஏறுவேன். எங்கள் ஆட்கள் அந்த மலையில் வெறுங்காலோடு நடந்து ஏறுவார்கள். மேலே குகைக்குள் இருக்கும் புனிதை, ஊரின் பாதுகாவலி சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைக்காத தமிழர் இந்த ஊரில் குறைவு, சைவக்காரரும் சேர்த்தி. நான் சைக்கிளில் மூச்சு வாங்கி ஏறுவேன். உண்மையைச் சொன்னால், ஏறியதெல்லாம் இறங்குவதற்காகத்தான். நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் குனிந்து நடக்கிற மனிதன், அந்த இறக்கத்தில் மட்டும் யாருக்கும் வழி விடமாட்டான். கார்க்காரர்களை ஏசிக்கொண்டு, வளைவுகளில் முழங்காலைச் சரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியப் பறப்பேன்.

என் மனைவி ஜெசிந்தா இதை ஒருநாளும் விரும்பவில்லை. நிறுத்தச் சொல்லிப் பார்த்தாள். நான் கேட்கவில்லை. கடைசியில் ஒரு செபமாலையைக் குகைக்குக் கொண்டுபோய் மந்திரித்து வந்து, சைக்கிள் ஹாண்டிலில் சுற்றிக் கட்டினாள். அவள் பேசாலையில் வலை பின்னும் குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் தேவாலயப் பங்கில் இருக்கும் எல்லோருக்கும் அவள்தான் செபமாலை கோத்துக் கொடுப்பாள், அதுவும் வலை நூலில். கடையில் வாங்குவதை ஒரு பிள்ளை இழுத்தாலே அறுந்துவிடும், தன்னுடையதில் பாரை மீனைத் தூக்கலாம் என்று பெருமையடிப்பாள்.

அன்று மொந்தெல்லோக் கடற்கரைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். தெருவின் குண்டு குழிகளில் சைக்கிள் அதிர்ந்து, சுற்றியிருந்த செபமாலையின் ஒரு மடிப்பு கழன்று தொங்கியிருக்க வேண்டும். டிக், டிக், டிக் என்று மணிகள் சக்கரக் கம்பியில் தட்டும் சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். சிலுவை கம்பிகளுக்கு நடுவே போவதைக் கண்டேன். வேறு நூலாக இருந்தால் அறுந்திருக்கும். முன் சக்கரம் நின்றது. நான் நிற்கவில்லை.

தார் வீதியில் நெற்றியால் இறங்கினேன். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு சைக்கிளும் நானும் உருண்டு, ஓரத்துக் கல்மதிலில் மோதி நின்றோம். இடது தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. மண்ணீரல் (இடப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும், இரத்தத்தை வடிகட்டும் உறுப்பு) வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். தொடைக்குள் ஓர் உலோகத் தண்டைச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். சுத்தியல் என்று நான் மிகைப்படுத்தவில்லை, சத்திரசிகிச்சை செய்த பெண் மருத்துவரே சொன்னார்.

தலையைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் கதைத்தார். முன்மூளைக் கன்றல் (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளை அடிபட்டு, அதில் இரத்தம் கட்டுவது) என்றார். சத்திரசிகிச்சை தேவையில்லை, தானாக வடியும், கொஞ்சம் எரிச்சல்படுவார், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். என்னோடு வாழ்கிறவளுக்கு எரிச்சல் புதிதா? அவள் தலையாட்டினாள்.

வீட்டுக்கு வந்தபின் முதலில் உடைந்தது ஒரு பீங்கான் கோப்பை. தேத்தண்ணீரில் சீனி குறைவு என்பது காரணம். பிறகு தொலைக்காட்சி. பிறகு கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டியபோது ஊன்றுகோலை அவருடைய கழுத்தில் வைத்து அழுத்தினேன். ஒவ்வொன்றும் முடிந்தபின் என் கையைப் பார்த்து நானே திகைப்பேன். மன்னிப்புக் கேட்பேன், அழுவேன். அடுத்த நாள் மீன் குழம்பில் புளி கூடிவிடும், சட்டி பறந்து சுவரில் மோதும். ஜெசிந்தா கண்ணாடிச் சாமான்களை ஒவ்வொன்றாக ஒளித்தாள். பிளாஸ்டிக் தட்டு வந்தது. வுச்சீரியாச் சந்தையில் மட்டை உரிக்காத தேங்காய் கிடைத்தால் வாங்கி வந்து, இதை உரியுங்கோ, மனுசரை விடுங்கோ என்பாள். உரித்தேன். போதவில்லை.

இதற்குள் இன்னொன்றும் ஓடிக்கொண்டிருந்தது. பங்கிலிருந்து பார்க்க வந்த ஒவ்வொருவரும், செபமாலைதான் உன்னைக் காப்பாற்றியது என்றார்கள். ஜெசிந்தாதான் அதை முதலில் சொன்னாள், எல்லோரும் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். விழுந்ததே நினைவிருக்காது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், யாரும் என்னைக் கேட்கவில்லை. எனக்கோ நினைவிருந்தது. அந்த டிக், டிக் ஒன்றுதான் தெளிவாக இருந்தது. சொன்னால் அவள் செத்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னால் அடக்க முடிந்தது அது ஒன்றுதான். அதைப் பற்றி எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

ஒரு மத்தியானம் அவள் சமையலறையில் நின்று தொலைபேசியில் ஊருக்குக் கதைத்துக்கொண்டிருந்தாள். செபமாலை இல்லாவிட்டால் மனுசன் முடிந்திருப்பார் என்பது என் காதில் விழுந்தது. காது சுட்டது. ஊன்றுகோலை ஓங்கி, சுரூபச் சிலை வைத்திருந்த சுவர்த்தட்டில் அடித்தேன். சாந்தா ரொசாலியா சுக்குநூறானாள். இரண்டாவது அடி ஜெசிந்தாவின் புருவத்தில் விழுந்தது. தட்டுக்கு ஓங்கியது தவறி அவளில் பட்டது என்று எழுத ஆசைதான். அப்படியில்லை.

"உன்ர செபமாலைதான் என்னை விழுத்தினது," என்று கத்தினேன். "அதுதான் சில்லுக்குள்ள போனது. நான் கண்டனான்."

அவள் கீழே இருந்துவிட்டாள். இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கவில்லை.

"ஓம். எனக்குத் தெரியும்," என்றாள். "சைக்கிளை எடுக்கப் போனது நான்தானே. சில்லில சுத்திக் கிடந்தது. கையால அறுக்க ஏலாமல், மீன் வெட்டுற கத்தியைக் கொண்டுபோய் அறுத்தனான்."

"பிறகு ஏன் எல்லாருக்கும் காப்பாத்தினது எண்டு சொல்லித் திரிஞ்சனீ?"

"வேறை என்னத்தைச் சொல்லிக்கொண்டு நான் உங்களுக்குப் பக்கத்தில இருக்கிறது?"

வாசலில் ரொசாலி பள்ளிப் பையோடு நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

மூன்று பேரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதே நடைகூடம். இளம் மருத்துவர் ஒருவர் தையல் போட்டுக்கொண்டே, எப்படி நடந்தது என்று ஜெசிந்தாவைக் கேட்டார். தட்டு கழன்று விழுந்தது என்று அவள் தனக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில் சொன்னாள். மருத்துவர் என்னையும் ஊன்றுகோலையும் பார்த்தார். பிறகு ரொசாலியைப் பார்த்து, அம்மா சொல்வது சரியா என்று கேட்டார்.

இந்த ஊரில் எங்கள் பிள்ளைகள்தான் எங்களுக்கு வாய். குடிவரவு அலுவலகத்திலும் வங்கியிலும் மருத்துவரிடமும், பெற்றோருக்குச் சாதகமாகத் திருத்தித்தான் மொழிபெயர்க்கும்படி பழக்கியிருக்கிறோம். ரொசாலியும் அப்படித்தான் வளர்ந்தாள். அன்று அவள் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லை," என்றாள் இத்தாலிய மொழியில். "அப்பா அடித்தார். நிறுத்தமாட்டார்."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தார் வீதியைவிட மோசமாக அடித்தது. கையை ஓங்கக்கூடத் தோன்றவில்லை. ஜெசிந்தா மகளைத் தமிழில் ஏசினாள், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

விசாரணைகளைப் பற்றி எழுதப்போவதில்லை. நான் வீட்டைவிட்டு விலகியிருக்க வேண்டும் என்றார்கள். மூளைக்காயப் புனர்வாழ்வு விடுதி ஒன்றில் ஒரு பனிக்காலம் முழுக்க இருந்தேன். கோபத்தைத் தணிக்கும் மாத்திரை தந்தார்கள். முதல் வாரங்களில் அங்கேயும் ஒரு கதவை உடைத்தேன். என்னைப் பார்த்த மருத்துவர் வயதானவர், சிசிலிக்காரர், சிரிக்கமாட்டார். அவரிடம் ஒருநாள் கேட்டேன், அடித்தது காயமா, நானா?

"காரணம் காயம்," என்றார். "கை உன்னுடையது."

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. அதைத்தான் அவர் குறித்துக்கொண்டார். கோபம் முதலில் உடம்பில் எங்கே தெரிகிறது என்று கேட்டார். காது சுடும் என்றேன். சுட்டவுடன் எழும்பி அந்த அறையைவிட்டுப் போ, எதற்காகவும் நிற்காதே, பதில் சொல்லாதே என்றார். இதே பாடத்தைத்தான் ஒவ்வொரு நாளும் படித்தேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். என் மகள் சொல்லியிருக்காவிட்டால், அடுத்த அடி எங்கே விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பலாமா என்று ரொசாலியிடம்தான் கேட்டார்கள். வரலாம், ஆனால் அப்பாவின் அறைக்கதவுக்குச் சாவி வேண்டாம், என் அறைக்கு வேண்டும் என்றாள். அந்தச் சாவி இன்றும் அவளிடம் இருக்கிறது.

இப்போது என் உடம்பில் எனக்குத் தெரியாத அறைகள் சில இருக்கின்றன. மழை வரும் முன் தொடைக்குள் தண்டு குளிரும். மண்ணீரல் இல்லாததால் சிறு காய்ச்சலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முன்பு மலையடிவாரத்திலிருந்து குகை வரை எவ்வளவு நேரம் என்று பார்ப்பேன். இப்போது பார்க்கும் நேரம் வேறு. காது சுடுவதற்கும் கை எழுவதற்கும் இடையில் என்னால் ஒரு மூச்சு விட முடிகிறதா என்பதுதான்.

போன மாதம் மூவரும் நடந்து மலை ஏறினோம். ஜெசிந்தா வெறுங்காலோடு, நான் கைத்தடியோடு. புறப்படும்போது அவள் என் கையில் ஒரு செபமாலையைத் தந்தாள். பழைய மணிகள்தான், சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்தவை. சிலவற்றில் கீறல் விழுந்திருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பாதி வழியில் எங்கள் பங்குக்காரர் ஒருவர் எதிரே இறங்கி வந்தார். என் தோளைத் தட்டி, பார்த்தீரோ, செபமாலைதானே உம்மைக் காப்பாற்றியது என்றார். காது சுட்டது. மேலேயிருந்து ஒரு சைக்கிள்காரன் சரேலென்று எங்களைக் கடந்து இறங்கினான். பதில் சொல்லாமல் ஓரத்துக்குப் போனேன். பைக்குள் என் கை செபமாலையை முறுக்கிக்கொண்டிருந்தது. கையை வெளியே இழுத்தேன். அறுந்துவிட்டது. மணிகள் வீதியில் சிதறி உருண்டன.

ரொசாலி அப்படியே நின்றாள். அவள் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினேன்.

ஜெசிந்தா பங்குக்காரரை அனுப்பிவிட்டு வந்து குனிந்தாள். புருவத்தில் அந்தத் தழும்பு வெயிலில் தெரிந்தது.

"பரவாயில்லை," என்றாள். "அறவேணும் எண்டுதான் தையல் நூலில கோத்தனான்."

எனக்குக் கால் மடங்காது. அதனால் வீதியோரத்திலேயே காலை நீட்டி இருந்து, கைக்கு எட்டியதைப் பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து ரொசாலி எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து, தான் பொறுக்கிய மணிகளை என் கைக்குள் போட்டாள்.